சாவியை எடுத்த பிறகும் ஓடிய வண்டி

பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்தினேன். சாவியைத் திருப்பினேன், வெளியே உருவினேன், கைப்பையில் போட்டு ஜிப்பையும் இழுத்து மூடினேன். வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

ஓடிக்கொண்டிருந்தது என்றால் எங்கேயும் நகர்ந்து போகவில்லை. நின்ற இடத்தில் நின்றபடி டொக்கு டொக்கு டொக்கு என்று உடம்பெல்லாம் உதறிக்கொண்டிருந்தது. கண்ணாடி நடுங்கியது, கதவு நடுங்கியது, உள்ளே உட்கார்ந்திருந்த நானும் நடுங்கினேன். வாசலில் நின்றிருந்த எட்டாம் வகுப்புப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வாட்ச்மேன் ஓடி வந்து ஜன்னலைத் தட்டினார்.

"மேடம், காடி பந்த் கரோ!" வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"பந்த் கர் தியா பய்யா!" நிறுத்தியாச்சு என்று ஜிப்பைத் திறந்து சாவியை எடுத்துக் காட்டினேன். அவர் சாவியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். அந்த மூன்றாவது பார்வையைத்தான் அடுத்த ஒரு மாதம் நான் வேறு வேறு ஆண்களின் முகத்தில் பார்க்கப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

எப்படி நிறுத்தினேன் என்று கேட்டால் அதுவும் ஒரு கூத்து. டிரைவிங் ஸ்கூலில் நான் மிகச் சிறப்பாகச் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். வண்டியைச் சிக்னலுக்குச் சிக்னல் அணைய விடுவது. அந்தக் கலையைக் கையில் எடுத்தேன். பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு, டாப் கியரைப் போட்டு, கிளட்சிலிருந்து சட்டென்று காலை எடுத்தேன். வண்டி ஒரு துள்ளு துள்ளிவிட்டுச் செத்தது. பெண்கள் கை தட்டினார்கள்.

இது நடந்தது தொண்ணூறுகளின் கடைசியில். ஈயம் இல்லாத பெட்ரோல் பூனாவுக்கு வந்த புதிது. கோந்த்வாவில் அப்போதுதான் ஒவ்வொன்றாக அடுக்குமாடிகள் முளைத்துக்கொண்டிருந்தன. அதில் ஒன்றின் மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. நான் கேம்பில், அதாவது பூனாவின் பழைய கன்டோன்மென்ட் பகுதியில், ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்குத் தேஹு ரோடு பக்கம் ராணுவக் கிடங்கு ஒன்றில் ஸ்டோர் வேலை. காலையில் ஸ்கூட்டரில் ஸ்டேஷனுக்குப் போய், அங்கிருந்து லோக்கல் ரயில் பிடித்துப் போவார்.

அந்தக் கார் என் வயசுக்காரி. கேம்பில் பங்களாவை விற்றுவிட்டு மகனோடு வெளிநாட்டுக்குக் கிளம்பிய ஒரு பெரியவரிடமிருந்து வந்தது. வெளிர் பச்சை நிறம், ஸ்டியரிங்கிலேயே கியர், முன்னால் மூன்று பேர் உட்காருகிற நீள சீட்டு. அதோடு கூடவே ஒரு சின்னக் கையேடும் வந்தது. வீட்டுக்காரர் அந்தக் கையேட்டை இரண்டு பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் பத்திரப்படுத்தினார். கிடங்குக்காரர் அல்லவா? அவரைப் பொறுத்தவரை புத்தகம் என்பது இருக்கிறதா, இல்லையா என்று சரிபார்ப்பதற்கான பொருள். படிப்பது வேறு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை.

கார் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை துடைப்பதற்கு. மற்ற ஆறு நாளும் சும்மாவே நின்றது. நானோ அந்த ஆறு நாளும் விடைத்தாள் கட்டைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு போனேன். "ஏங்க, நான் கத்துக்கிட்டு இதுல போகட்டுமா?" என்று கேட்டேன். சிரித்தார். இரண்டாவது தடவை கேட்டபோதும் சிரித்தார். மூன்றாவது தடவை நான் கேட்கவில்லை, டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டேன். முதல் டெஸ்டில் கோட்டை விட்டேன், இரண்டாவதில் லைசென்ஸ் வாங்கினேன்.

லைசென்ஸ் கைக்கு வந்த வாரம் அவருக்கே மனசு இளகிப்போய், "வண்டிய நானே சர்வீஸ் பண்ணி ரெடியாக் குடுக்கறேன்" என்றார். ஞாயிறு முழுக்க பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு என்னவெல்லாமோ செய்தார். ஆயில் மாற்றினார், ஏர் ஃபில்டரைத் தட்டினார், எதையோ கழற்றினார், எதையோ மாட்டினார். கறுத்த கையோடு மேலே வந்து காப்பி குடித்தபோது எனக்கு உண்மையிலேயே அவர்மேல் பிரியமாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் இரண்டு நாள் சொர்க்கம். வீட்டிலிருந்து கேம்புக்கு இருபது நிமிஷம்தான். ஆனால் அந்த இருபது நிமிஷத்தில் யாரும் என்னிடம் துண்டு எங்கே என்று கேட்கவில்லை, சாம்பாரில் உப்பு கம்மி என்று சொல்லவில்லை, பிராக்டிகல் நோட்டு திருத்தியாச்சா என்று கேட்கவில்லை. ஜன்னலை ஏற்றிவிட்டுக் கத்திப் பாடினேன். எனக்குப் பாட வராது. அந்த வண்டிக்கு மட்டும்தான் அது தெரியும். மூன்றாம் நாள்தான் அந்தப் பள்ளிக்கூட வாசல் கூத்து.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பி வந்து கீழே நிறுத்தியபோதும் அதே உதறல். அந்த நேரம் பார்த்துக் கீழே ஒரு மாநாடு நடந்துகொண்டிருந்தது. எங்கள் கட்டடத்தில் நாலு தமிழ்க் குடும்பம். அவற்றின் ஆண்கள் சாயங்காலம் பார்க்கிங்கில் கூடி உலகத்தைச் சரி செய்வார்கள். என் வீட்டுக்காரர் தவிர மூன்று பேர். ஒருவர் வங்கி மேனேஜர், எங்களைவிட மூத்தவர். இன்னொருவர் என் வீட்டுக்காரரோடு கிடங்கில் வேலை செய்கிற நண்பர். மூன்றாவது, கோயமுத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்திருந்த இளைஞர், கல்யாணமாகி ஆறே மாதம்.

நாலு பேரும் வண்டியைச் சுற்றி நின்றார்கள். நான் சாவியைக் கையில் பிடித்தபடி இறங்கினேன். வண்டி பின்னால் டொக்கு டொக்கு என்று தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"தங்கச்சிம்மா, ஹாஃப் கிளட்ச்ல ஓட்டினீங்களா?" என்றார் வங்கிக்காரர். விசாரணை ஆரம்பித்துவிட்டது.

"லேடீஸ் எல்லாம் கிளட்ச் மேலயே கால வச்சுக்கிட்டு ஓட்டுவாங்க சார்" என்றார் கிடங்கு நண்பர். ஏதோ ஆயிரம் லேடீஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பயணம் செய்தவர் மாதிரி.

"அக்கா, ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

"ஆஃப் ஆகலைங்கிறதுதான் தம்பி பிரச்சினையே" என்றேன்.

என் வீட்டுக்காரர் எஞ்சின் தானாக நிற்கும்வரை காத்திருந்தார். பிறகு பெருமூச்சு விட்டு, "இத்தனை வருஷமா ஒரு தொந்தரவும் குடுக்காத வண்டி. மூணே நாள்ல இப்படி ஆயிடுச்சு. சரியாகற வரைக்கும் நீ எடுக்க வேணாம். சாவியக் குடு" என்று கையை நீட்டினார்.

மூன்று ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம்தான். மூன்று நாளும் ஓட்டியது நான்தான். அதனால் நான்தான் ஏதோ செய்திருப்பேன் என்று ஒரு நிமிஷம் நானே நம்பிவிட்டேன்.

மறுநாளிலிருந்து பழையபடி பஸ். வண்டி கீழே நின்றது. சாவி அவர் சட்டைப் பையில் தேஹு ரோடுக்குப் போய்த் திரும்பி வந்தது. அவருக்கு அது எதற்கு அங்கே? ரயிலிலே கார் ஓட்டப்போகிறாரா?

இனி ஞாயிற்றுக்கிழமைகள். ஆளாளுக்கு நாட்டாமை என்பார்களே, அதை நாலு வாரம் கண்ணால் பார்த்தேன். காப்பி போட்டுக் கொடுத்தது நான், அதனால் எல்லாமே காதிலும் விழுந்தது.

முதல் ஞாயிறு வங்கிக்காரருடையது. குற்றவாளி புதுப் பெட்ரோல் என்றார். ஈயம் இல்லாததால் எஞ்சினுக்குச் சத்துப் பற்றவில்லையாம். அவரே கூடப் போய் வேறு பங்க்கில் டாங்க்கை நிரப்பிக்கொண்டு வந்தார். சாவியை எடுத்தார்கள். டொக்கு டொக்கு. "பழைய பெட்ரோல் இன்னும் கொஞ்சம் அடியில இருக்கும். அது தீரட்டும்" என்று தீர்ப்பை ஒத்திவைத்துவிட்டு இரண்டாவது காப்பி கேட்டார்.

இரண்டாவது ஞாயிறு கம்ப்யூட்டர்காரருடையது. அவர் ஆபீஸில் இன்டர்நெட்டிலிருந்து பதினாறு பக்கம் பிரிண்ட் எடுத்து வந்திருந்தார். கார்புரேட்டரில் ஒரு மின்சார அடைப்பான் இருக்கும், சாவியை மூடினால் அது பெட்ரோலை நிறுத்தும், அதுதான் போய்விட்டது என்று அடித்துச் சொன்னார். நாலு பேரும் இரண்டு மணி நேரம் அந்த அடைப்பானைத் தேடினார்கள். டார்ச் அடித்துத் தேடினார்கள், வண்டிக்கு அடியில் படுத்துத் தேடினார்கள். கடைசியில்தான் பிரிண்டின் முதல் பக்கத்தில் இருந்த படத்தை யாரோ கவனித்தார்கள். அது எட்டு சிலிண்டர் அமெரிக்கக் கார். எங்கள் வண்டிக்கு அந்தப் பாகமே கிடையாது. இல்லாத ஒன்றைத் தேடி ஒரு ஞாயிறு போயிற்று, எனக்கு ஒரு படி பால் போயிற்று.

அன்றைக்குத் தட்டை எடுக்க வந்தபோது ஒன்று சொல்லிப் பார்த்தேன். "ஏங்க, சாவிய மூடினா நெருப்புப் பொறிதானே நிக்கும்? பெட்ரோலும் காத்தும் உள்ள போய்க்கிட்டேதானே இருக்கும்? அப்ப உள்ள வேற எதோ சூடா இருந்து பத்த வைக்குதுன்னு அர்த்தம். அது என்னன்னு பாருங்களேன்."

எட்டாம் வகுப்புக்கு வருஷா வருஷம் நான் நடத்துகிற பாடம்தான். எரிவதற்கு எரிபொருள் வேண்டும், காற்று வேண்டும், சூடு வேண்டும். இதில் ஒன்று இல்லாவிட்டால் எரியாது. பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு இது புரியும்.

கிடங்கு நண்பர் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "சிஸ்டர், இது தியரி. நாங்க பாக்கறது பிராக்டிகல்" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டேன்.

மூன்றாவது ஞாயிறு அந்த நண்பரே பொறுப்பேற்றார். ஒரு ஃபைல் தயாரானது. சத்தியமாகச் சொல்கிறேன், ஃபைல். மேலே 'பழுது அறிக்கை' என்று தலைப்பு, உள்ளே வரிசை எண், செய்த வேலை, விளைவு. எஞ்சின் சோர்ந்திருக்கிறது, அதைக் கொஞ்சம் தூக்கிவிட வேண்டும் என்பது அவர் கட்சி. கார்புரேட்டரில் ஒரு திருகு இருக்கிறது. சும்மா நிற்கும்போது எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்பதற்கானது. அதை முறுக்கினார். "ஒன்றரைச் சுற்று, வலப்பக்கம்" என்று உரக்கச் சொல்ல, என் வீட்டுக்காரர் பயபக்தியோடு ஃபைலில் எழுதிக்கொண்டார்.

சாவியை எடுத்தார்கள். முன்பு அரை நிமிஷம், முக்கால் நிமிஷம் உதறிய வண்டி இப்போது இரண்டு நிமிஷம் உதறியது. பார்க்கிங்கில் படுத்திருந்த நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது.

"நல்ல பவர் வந்திருக்கு" என்றார் நண்பர்.

இதற்குள் என்மேல் இருந்த குற்றச்சாட்டு யாரும் சொல்லாமலே உறுதியாகிவிட்டது. மாடிப்படியில் பார்த்த வங்கிக்காரரின் மனைவிகூட, "வண்டி ரொம்ப டேமேஜ் ஆயிடுச்சாமே? போனாப் போகுது விடுங்க, நமக்கெல்லாம் எதுக்கு அந்த வேலை" என்று ஆறுதல் சொன்னார். ஆறுதல்! எனக்கு ஆறுதல் யார் கேட்டார்கள்? நான் கேட்டது சாவி.

அடுத்த புதன்கிழமை பள்ளிக்கூடம் விடுமுறை. இவர் கிளம்பிப் போனதும் பீரோவைத் திறந்து, இரண்டு பிளாஸ்டிக் உறையையும் பிரித்து, அந்தக் கையேட்டை எடுத்தேன். மொத்தமே நாற்பது பக்கம். சாவியை மூடியும் எஞ்சின் ஓடினால் என்ற தலைப்பில் ஐந்தாறு வரி இருந்தது. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறதா பாருங்கள், அந்தத் திருகு அதிகம் முறுக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள், ஸ்பார்க் பிளக் சரியான வகைதானா பாருங்கள். பக்கத்திலேயே எந்த பிளக் போட வேண்டும் என்று எண்ணும் இருந்தது. மூன்று ஞாயிறு, பதினாறு பக்கப் பிரிண்ட், ஒரு ஃபைல். பதில் எங்கள் பீரோவில், என் பட்டுப் புடவைகளுக்கு அடியில் இருந்திருக்கிறது.

கீழே போனேன். சாவி இல்லைதான். ஆனால் அந்த வண்டியின் இடது கதவுப் பூட்டு எங்களிடம் வந்த நாளிலிருந்தே வேலை செய்ததில்லை. உள்ளே கையை விட்டு பானெட்டின் பிடியை இழுத்தேன். பின்னால் இருந்த சாக்குப் பையில் பிளக் கழற்றுகிற குழாய் ஸ்பானர் இருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பிளக்கைக் கழற்றினேன். துடைத்து எண்ணைப் பார்த்தேன். கையேட்டில் இருந்த எண் அதில் இல்லை. கொஞ்சம்கூட ஒட்டாத வேறு எண். மற்ற மூன்றையும் கழற்றினேன். மூன்றும் அதே. நாலுமே புத்தம் புதுசு.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சொல்கிறேன், கேளுங்கள்.

கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. கேட்ட பொருள் கையிருப்பில் இல்லாவிட்டால், அதற்குப் பதிலாகப் பொருந்தக்கூடிய இன்னொன்றைக் கொடுத்துவிட்டு, சீட்டில் 'இன் லியூ' என்று எழுதுவார்கள். அங்கே யாரோ விவரம் தெரிந்தவர்கள் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் கொடுப்பார்கள். எங்கள் வீட்டுக்கு அந்தக் கையெழுத்து வந்ததில்லை, வழக்கம் மட்டும் வந்துவிட்டது. துவரம் பருப்பு வாங்கி வரச் சொன்னால் மசூர் பருப்பு வரும், இன் லியூ. கறுப்பு நூல் கேட்டால் கருநீலம், இன் லியூ. ஒரு கல்யாண நாளுக்குப் புடவை என்று ஆசையாகச் சொல்லி வைத்தேன், பிரஷர் குக்கர் வந்தது. "பொருந்துதா இல்லையா, அதப் பாரு" என்பதுதான் அவருடைய ஒரே தத்துவம். என் லைசென்ஸ் வாரத்து சர்வீஸுக்காக ஜூனா பஜார் பழைய சாமான் சந்தையில் ஒரு கடையில் பெட்டி பிரிக்காத பிளக் நாலு வாங்கியிருக்கிறார். மரை பொருந்தியது, உயரம் பொருந்தியது. அவருக்கு வேறென்ன வேண்டும்?

ஒரு பிளக்கையும் கையேட்டையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி கேம்புக்குப் போனேன். உதிரி பாகக் கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"யே கிஸ்னே லகாயா?" யார் இதை மாட்டியது என்று கேட்டார்.

"மேரே ஹஸ்பண்ட் நே."

"அச்சா" என்று சொல்லிவிட்டு ஒரு மாதிரி அனுதாபமாகப் பார்த்தார். பிறகு ஹிந்தியில் விளக்கினார். இது தண்ணீர் இறைக்கிற சின்ன எஞ்சினுக்கானது. அந்த எஞ்சின் அவ்வளவாகச் சூடாகாது. அதனால் முனை எப்போதும் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிற மாதிரி செய்திருப்பார்கள். இதைக் காரில் போட்டால் முனை தணலாகிவிடும். சாவியை மூடினாலும் அந்தத் தணலே பெட்ரோலைப் பற்றவைத்துக்கொண்டிருக்கும். என் எட்டாம் வகுப்புப் பாடம், வார்த்தைக்கு வார்த்தை. கடை என்றும் பார்க்காமல் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில் ஒன்றுமில்லை, கோபத்தில். ஒரு மாதமாக என்னையே நான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த கோபம்.

சரியான பிளக் நாலு வாங்கி வந்து மாட்டினேன். பிறகு அந்தப் பழுது அறிக்கை ஃபைலைத் தேடி எடுத்தேன். 'ஒன்றரைச் சுற்று, வலப்பக்கம்' என்று என் வீட்டுக்காரர் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். திருகை இடப்பக்கம் சரியாக ஒன்றரைச் சுற்று சுற்றினேன். அந்த ஃபைலால் உருப்படியாக நடந்த ஒரே காரியம் அதுதான். பானெட்டை மூடினேன், கையைக் கழுவினேன், யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஞாயிறு வந்தது. நாலு பேரும் கூடினார்கள். என் வீட்டுக்காரர் சாவியைப் போட்டுக் கிளப்பினார். மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய் வந்தார். நான் காப்பித் தட்டோடு கீழே இறங்கும்போது வண்டி வந்து நின்றது. சாவியைத் திருப்பினார். கப்பென்று அடங்கியது. ஒரு டொக்குகூட இல்லை.

இவர் மறுபடி கிளப்பினார், மறுபடி நிறுத்தினார். அடங்கியது.

"நான் சொல்லலை? பழைய பெட்ரோல் தீந்துடுச்சு" என்றார் வங்கிக்காரர்.

"அந்தத் திருகு செட் ஆக ஒரு வாரம் எடுக்கும்னு எனக்குத் தெரியும்" என்றார் கிடங்கு நண்பர்.

"நாம தேடறப்ப ஏதோ ஒரு வயர் சரியா உக்காந்திருக்கும்ங்க" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

என் வீட்டுக்காரர் இறங்கி பானெட்டை வாஞ்சையாகத் தட்டிக் கொடுத்தார். "ஒரு மாசம் ரெஸ்ட் குடுத்தோம்ல, அதான்" என்றார். அதாவது, நான் தொடாமல் இருந்ததால் அது பிழைத்துக்கொண்டதாம். சொல்லிவிட்டு சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்ப இனிமே சிஸ்டர் ஓட்டலாம்ல?" என்று நண்பர் கேட்டார், ஏதோ ஒரு நல்ல நேரம்.

"இப்பத்தானே சரியாயிருக்கு. கொஞ்ச நாள் போகட்டும், பாக்கலாம்."

நான் காப்பித் தட்டை பானெட் மேல் வைத்தேன். இடுப்பில் சொருகியிருந்த துணி முடிச்சை எடுத்துப் பிரித்து, தம்ளர்களுக்கு நடுவில் அந்த நாலு பிளக்கையும் வரிசையாக நிறுத்தினேன்.

"இது என்ன?" என்றார் வங்கிக்காரர்.

"தண்ணி எறைக்கிற எஞ்சினோட பிளக். இதத்தான் நம்ம வண்டியில போட்டிருந்தாங்க. புதன்கிழமை நான் கழட்டிட்டு வேற போட்டேன். திருகையும் பழைய இடத்துக்கே வச்சுட்டேன். அதான் நிக்குது."

என் வீட்டுக்காரர் ஒரு பிளக்கை எடுத்துப் பார்த்தார். முகம் சிவந்துபோயிற்று. "இது புதுசு. பெட்டி பிரிக்காதது. மரையெல்லாம் கரெக்டாப் பொருந்துச்சே..."

"நல்லாப் பொருந்துச்சு. யாரு இல்லேன்னாங்க?" என்றேன். "சாவியக் குடுங்க."

"மேல போய்ப் பேசிக்கலாம். எல்லார் முன்னாடியும் என்ன இது?"

"எல்லார் முன்னாடியும்தானே வாங்கினீங்க? எல்லார் முன்னாடியுமே குடுங்க."

அந்த மூன்று பேரும் காப்பியை அவ்வளவு கவனமாக ஆற்றிக் குடித்து நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. இவர் நாலு பக்கமும் பார்த்தார். யாரும் கைகொடுக்கவில்லை. சாவியை எடுத்துக் கொடுத்தார்.

பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. பதினோரு நாளும் நான் வண்டியில்தான் போனேன். பன்னிரண்டாம் நாள் காலை செய்தித்தாளைப் பார்த்தபடியே, "பின் டயர்ல காத்துக் கம்மியா இருக்கு, பாத்துக்க" என்றார். சரி என்றேன். பேச்சு தொடங்கிவிட்டது.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தினமும் அந்த இருபது நிமிஷம் கத்திப் பாடிக்கொண்டு போனேன். ஆனால் போகப்போக ஒரு யோசனை முள்ளாகக் குத்த ஆரம்பித்தது. அந்த பிளக்கை மாட்டியது அவர் என்பதால் எனக்குச் சாவி கிடைத்தது. உண்மையிலேயே நான்தான் எஞ்சினைக் கெடுத்திருந்தால்? அப்போது சாவி அவர் சட்டைப் பையிலேயே இருந்திருக்கும், நானும் பஸ்ஸிலேயே தொங்கிக்கொண்டிருந்திருப்பேன். தன் ஸ்கூட்டரை இவர் எத்தனை தடவை கீழே போட்டிருக்கிறார்! ஒரு மழைக்காலத்தில் மாட்டு வண்டியிலேயே போய் முட்டினார். யாராவது அவரிடம் கையை நீட்டினார்களா? தப்பான பிளக்கைப் போட்டதற்குக்கூட அவரிடமிருந்து யாரும் எதையும் பிடுங்கவில்லை. நான் மட்டும் ஏன் குற்றமற்றவள் என்று நிரூபித்துவிட்டுத்தான் வண்டி ஓட்ட வேண்டும்?

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், வெளியிலிருந்து உள்ளே திருப்பும்போது கட்டட வாசல் தூணில் மோதினேன். பாட்டு சுவாரஸ்யத்தில் வளைவைச் சரியாகப் பார்க்கவில்லை. இடது மட்கார்டு நசுங்கி உள்ளே போய்விட்டது, தூணில் ஒரு கை அகலத்துக்குச் சிமெண்ட் பெயர்ந்து விழுந்தது. சத்தம் கேட்டு மாநாடு மொத்தமும் ஓடி வந்தது. சாவியை மூடினேன். வண்டி கப்பென்று நின்றது.

என் வீட்டுக்காரர் மட்கார்டைத் தடவிப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கையை நீட்டினார்.

"ஆமா, நான்தான் இடிச்சேன்" என்றேன். "வளைவ சரியாப் பாக்கலை. தப்பு முழுக்க என்மேலதான்."

நீட்டிய கை அப்படியே இருந்தது. வங்கிக்காரர் தொண்டையைச் செருமினார். நான் சாவியை உள்ளங்கையில் இறுக்கி மூடிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். மறுநாள் காலை ஏழே காலுக்கு, நசுங்கிய மட்கார்டோடு பள்ளிக்கூடம் போனேன்.